மோட்டார் சைக்கிளில் வழிகாட்டும் கைபேசி: வீட்டுக்குச் சரக்கு அனுப்பும் கடைக்காரர்கள் கவனத்திற்கு

வீட்டுக்குச் சரக்கு கொண்டுபோய்க் கொடுப்பது நம் மளிகைக் கடைகளுக்குப் புதிதல்ல. பத்து நிமிடத்தில் பால் பாக்கெட் கொண்டுவந்து தருகிறோம் என்று பெரிய நிறுவனங்கள் விளம்பரம் செய்தன. அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே மாதச் சிட்டையை வாங்கி, சாமானைக் கட்டி, சைக்கிள் கேரியரில் ஏற்றி அனுப்பியவர்கள் நாம். அந்தக் காலத்தில் விலாசம் என்ற பேச்சே கிடையாது. ‘டீச்சர் வீடு’, ‘ஈ.பி.காரர் வீடு’, ‘வேப்பமரத்து வீடு’ என்று சொன்னால் போதும், சரக்கு போய்ச் சேர்ந்துவிடும்.

எங்கள் கடை மதுரையில் மாசி வீதிகளை ஒட்டி இருக்கிறது. எங்களிடம் இருபத்தாறு ஆண்டுகள் லைன் போன பெரியவர் ஒருவர் மூட்டுவலி காரணமாக நின்றுவிட்டார். அவர் நின்ற பிறகுதான் ஒரு விஷயம் எங்களுக்கு உறைத்தது. வாடிக்கையாளர் வீடுகள் அத்தனையும் அவர் தலைக்குள் இருந்தன. கடை நோட்டில் பெயரும் பாக்கியும்தான் இருந்தன. புதிதாக வந்த பையனோ வெளியூர்க்காரன். முதல் வாரத்தில் நாலு வீட்டுக்குப் போய்வர அரை நாள் ஆயிற்று. ஒரு வீட்டில் இட்லி அரிசி வந்து சேரவில்லை என்று அந்த அம்மாள் வேறு கடைக்கே மாறிவிட்டார். ஆகவே மற்றவர்கள் செய்வதைப்போல நாங்களும் வண்டியின் கைப்பிடியில் ஒரு ஸ்டாண்டு மாட்டி, கைபேசியில் மேப் போட்டு அனுப்பினோம். ஒன்றரை மாதம் நன்றாகத்தான் நடந்தது.

ஒருநாள் மாலை ஆறரை மணி. பையன் பதினைந்து கிலோ எண்ணெய் டின் ஒன்றும் சில்லறைச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். போகவேண்டிய வீட்டிலிருந்து ‘இன்னும் வரவில்லையே’ என்று கடைக்கு போன் வந்தது. நாங்கள் பையனைக் கூப்பிட்டோம். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டோம். மூன்றாம் முறை கூப்பிட்டபோது வேறு யாரோ எடுத்து, ‘தம்பி கீழே விழுந்துட்டாருங்க’ என்றார். வெள்ளைக்கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டிருக்கிறது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டபின் அவன் சொன்னான்: “அண்ணாச்சி, நீங்க கூப்பிடக் கூப்பிட மேப் மறைஞ்சுபோச்சு. எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியல. அதைத் தள்ளிவிடத்தான் கையை எடுத்தேன்.”

நாங்கள் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறோம். வழிகாட்டுகிற அதே கைபேசிக்கு அழைப்பு வந்தால் திரையில் அழைப்புதான் முன்னே நிற்கும் என்பதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. வைத்தியச் செலவை ஏற்றோம், இரண்டு மாதச் சம்பளமும் கொடுத்தோம். ஆனாலும் அந்த மூன்று அழைப்புகள் மனத்தை விட்டுப் போகவில்லை. அந்த இரண்டு மாதத்தில் இந்தக் கருவியைப் பற்றி விசாரித்தும் அனுபவப்பட்டும் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறோம். நம் உறுப்பினர்களில் பாதிப் பேராவது இன்று யாரையாவது வண்டியில் அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

வானத்திலிருந்து வருவது எது?

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க அரசின் செயற்கைக்கோள் ஏற்பாடு. பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், குறைந்தது 24 கோள்கள் சுற்றும்படி அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. அவை அனுப்பும் நேரக் குறிப்புகளைக் கைபேசி வாங்கி, எந்தக் கோளிலிருந்து வர எவ்வளவு நேரம் பிடித்தது என்று கணக்கிட்டுத் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. இதற்கு நான்கு கோள்களாவது தெரியவேண்டும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்குக் கிடைத்த குறிப்பை அமெரிக்கா வேண்டுமென்றே சற்றுப் பிழையாக்கித்தான் கொடுத்து வந்தது. அதை நிறுத்திய பிறகே சாதாரண ஆட்களுக்கு இது உருப்படியாகப் பயன்பட ஆரம்பித்தது. நம் நாட்டு இஸ்ரோவும் 2013 முதல் கோள்களை அனுப்பி ‘நாவிக்’ என்ற சொந்த ஏற்பாட்டை அமைத்தது.

இதில் கடைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. இடத்தைக் கண்டுபிடிக்க இன்டர்நெட் வேண்டியதில்லை. தெருப்படம் வரவும், எங்கே நெரிசல் என்று தெரியவும்தான் அது வேண்டும். கடையில் இருக்கும்போதே நம் ஊர்ப் படத்தைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் பையன் தடுமாறமாட்டான். நெரிசல் விவரம் மட்டும் கிடைக்காது.

திறந்த வெளியில் கைபேசியின் கணக்கு ஐந்து மீட்டர் வட்டத்துக்குள் சரியாக இருக்கும். ஆனால் கடைவீதியில் அப்படியில்லை. இரண்டு பக்கமும் உயர்ந்த கட்டடங்கள் நின்றால் வானத்திலிருந்து வரும் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது, கணக்கு பிசகிவிடுகிறது. எங்கள் ஊரில் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாகத் தெருக்கள். நடுவில் எத்தனையோ சந்துகள். கைபேசியிலுள்ள நீலப் புள்ளி நாம் நிற்கிற சந்தை விட்டு அடுத்த சந்துக்குத் தாவுவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். அங்கே அதை நம்பி ஒருவழிப் பாதையில் எதிரே புகுந்தால் அபராதம் நமக்குத்தான்.

விலாசத்தில் வரும் வில்லங்கம்

அண்ணா நகர் மதுரையிலும் உண்டு, சென்னையிலும் உண்டு. கே.கே.நகர் மதுரையில் இருக்கிறது, சென்னையில் இருக்கிறது, திருச்சியிலும் இருக்கிறது. காந்தி நகர் இல்லாத ஊரே இல்லை. பெயரை மட்டும் தட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினால் எங்கே கொண்டுபோகும் என்று சொல்லமுடியாது. ஆகவே வாடிக்கையாளரிடம் வாட்ஸ்அப்பில் ‘லொக்கேஷன்’ அனுப்பச் சொல்லும் வழக்கம் வந்திருக்கிறது. நல்ல வழக்கம்தான். இதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ‘இப்போது இருக்கும் இடம்’ என்பதைத் தொட்டால், அந்த நிமிடத்தில் அவர் எங்கே இருக்கிறாரோ அந்த இடம்தான் வரும். பாங்கியில் வேலை பார்க்கும் ஒரு வாடிக்கையாளர் வேலை நேரத்தில் சிட்டையோடு லொக்கேஷனையும் அனுப்பிவைக்க, எங்கள் பையன் இருபத்தாறு கிலோ அரிசிச் சிப்பத்தோடு பாங்கி வாசலில் போய் நின்றான். (இருபத்தைந்தாக இருந்த சிப்பம் 2022 ஜூலைக்குப் பிறகு ஏன் இருபத்தாறு ஆயிற்று என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை!) அதுமுதல், ‘வீட்டில் இருக்கும்போது ஒரு தடவை அனுப்புங்கள், அதுவே போதும்’ என்று கேட்டு வாங்கி, அவர் பெயரோடு சேர்த்துப் பதிந்து வைத்துக்கொள்கிறோம்.

1972-இல் வந்த ஆறு இலக்க பின்கோடு ஒரு தபால் வட்டாரத்தைத்தான் சொல்லும். இப்போது தபால் துறையே 2025 மே மாதத்தில் ‘டிஜிபின்’ என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. நாட்டின் பரப்பை நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து எழுத்தில் ஒரு குறியீடு கொடுத்திருக்கிறார்கள். ஒரு வீட்டு வாசலுக்கே ஒரு எண் என்று வைத்துக்கொள்ளலாம். ஜனங்கள் இதைச் சொல்லிப் பழக நாளாகும் என்று தோன்றுகிறது. பழகிவிட்டால் நம் தொழிலுக்கு நல்லது.

இன்னொன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கடை மேப்பில் எங்கே காட்டுகிறது? எங்கள் கடையை யாரோ பின்தெருவில் குறித்துவைத்திருந்தார்கள். கொள்முதல் சரக்கு ஏற்றிவந்த வெளியூர் வேன் ஒன்று அந்தப் பின்தெருவில் போய் மாட்டிக்கொண்டு, திரும்ப வழியில்லாமல் முக்கால் மணி நேரம் நின்றபிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. திருத்தம் போட்டு அனுப்பினால் மாற்றிவிடுகிறார்கள். காசு செலவில்லை.

இரண்டு சக்கரத்துக்குத் தனி வழி

கூகுள் மேப்பில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனியாக ஒரு பிரிவு 2017 டிசம்பரில் வந்தது. உலகத்திலேயே முதலில் நம் இந்தியாவில்தான் அதை விட்டார்கள். பலபேர் இதைக் கவனிக்காமல் கார் படத்தை வைத்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். கார் போகமுடியாத சந்துகளை அது காட்டாது, தூரம் கூடும். வண்டிப் படத்தை மாற்றிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஆனால் அது காலி வண்டிக்குப் போட்ட கணக்கு. பின்னால் சிப்பமும் முன்னால் டின்னுமாகப் போகிற வண்டி நுழையமுடியாத சந்துக்கும் வழி சொல்லும். சாக்கடை மூடி உடைந்த தெருவா, மாடு கட்டியிருக்கிற சந்தா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

ஒரே நடையில் பல வீடுகளுக்குப் போகவேண்டுமானால் இடங்களை வரிசையாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்பது வரை சேர்க்க இடமிருக்கிறது. எது முதலில், எது பின்னால் என்ற வரிசையை நாம்தான் போடவேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்த வெண்ணெய்ப் பொட்டலத்தை முதலில் இறக்கவேண்டும், பாரமான சிப்பத்தைச் சீக்கிரம் இறக்கினால் வண்டி லேசாகும், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் இன்ன தெருப் பக்கம் போகக்கூடாது என்ற கணக்கெல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும்.

மேப்பில் ரோடு இருக்கிறது என்பதற்காக ரோடு இருந்தே தீரும் என்று நினைக்கக்கூடாது. எங்கள் ஊரில் வைகையில் வெள்ளம் வந்தால் யானைக்கல் தரைப்பாலத்தில் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். சித்திரைத் திருவிழாவில் தேர் ஓடும் நாளில் மாசி வீதிகளுக்குள் வண்டி விடமாட்டார்கள். உள்ளூர்க்காரனுக்கு இது சொல்லாமலே தெரியும். வெளியூரிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு யார் சொல்வது? உத்தரப் பிரதேசத்தில் பரேலி பக்கம் ராம்கங்கா ஆற்றுப் பாலம் ஒன்று வெள்ளத்தில் இடிந்து பாதியில் நின்றது. 2024 நவம்பரில், கைபேசி வழிகாட்டியை வைத்து ஓட்டிவந்ததாகச் சொல்லப்பட்ட கார் ஒன்று அந்தப் பாலத்தின் மேல் போய் ஆற்றுக்குள் விழுந்து மூன்று பேர் இறந்துபோனார்கள். அதற்கு முந்தின ஆண்டு அக்டோபரில் கேரளத்தில் எர்ணாகுளம் பக்கம், மழை இரவில் இரண்டு டாக்டர்கள் வந்த கார் ஆற்றில் இறங்கி இருவரும் மாண்டார்கள். இருட்டில், மழையில், தெரியாத ரோட்டில் மேப் நேராகப் போகச் சொன்னாலும், நின்று ஒரு ஆளைக் கேட்டுவிட்டுப் போ என்று பையனிடம் சொல்லி அனுப்புங்கள்.

கைப்பிடியிலா, சட்டைப் பையிலா?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஸ்டாண்டு விற்பவர்கள் கைப்பிடியில்தான் மாட்டச் சொல்வார்கள். அதில் சில சங்கடங்கள் உண்டு.

முதலாவது அதிர்வு. புதிய கைபேசிகள் பலவற்றில் படம் ஆடாமல் எடுப்பதற்காகக் காமிராக் கண்ணாடியை நுண்ணிய காந்த அமைப்பில் மிதக்க விட்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் என்ஜினின் அதிர்வு கைப்பிடி வழியாக நாள்கணக்கில் ஏறினால் இது கெட்டுப்போகலாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2021 செப்டம்பரில் அறிவிப்பு வெளியிட்டது. பெரிய என்ஜின் வண்டியில் நேராக மாட்டவே வேண்டாம், ஸ்கூட்டர், மொபெட் போன்ற சிறிய வண்டிகளிலும் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த ஸ்டாண்டாக இருக்கட்டும் என்பது அவர்கள் சொன்னது. முப்பதாயிரம் நாற்பதாயிரம் கொடுத்து வாங்கிய சொந்தக் கைபேசியைக் கடை வேலைக்காகக் கைப்பிடியில் மாட்டச் சொல்வது நியாயமில்லை. இதற்கென்று சாதாரணக் கைபேசி ஒன்றைக் கடைச் செலவில் வாங்கி வைப்பதே முறை.

இரண்டாவது வெயில். ஐபோனுக்கு அதன் கம்பெனி சொல்லும் வெளி வெப்பநிலை 35 டிகிரி வரைதான். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. நேர் வெயிலில் மேப் ஓடிக்கொண்டே இருந்தால் கைபேசி சூடேறி, திரை தானாக மங்கிவிடும். சார்ஜ் ஏறுவதையும் நிறுத்திவிடும். ஐப்பசி மழையிலோ துளி பட்ட இடமெல்லாம் விரல் பட்டதாக எண்ணி, தானாகவே எதையாவது திறந்து வைக்கும். சார்ஜ் குத்தும் துளையில் ஈரம் இருக்கும்போது ஒயரைச் செருகக்கூடாது. வண்டி பாட்டரியிலிருந்து சார்ஜ் எடுக்கும் பெட்டி வைத்தால் பியூஸ் போட்டதாகப் பார்த்து, தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் மாட்டிக்கொள்வது நல்லது. சாவியை எடுத்தால் அதுவும் அணைந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது.

மூன்றாவது, முக்கியமானது, கண். திரை கண்முன் இருந்தால் கண் அங்கேதான் போகும். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகம் என்றால் வண்டி ஒரு நொடியில் பதினோரு மீட்டர் ஓடுகிறது. இரண்டு நொடி திரையைப் பார்த்தால் இருபத்திரண்டு மீட்டர் ரோட்டைப் பார்க்காமல் போகிறோம். எங்கள் பையன் விழுந்த வேகத்தடை அந்த இருபத்திரண்டு மீட்டருக்குள்தான் இருந்திருக்கும்.

ஆகவே இப்போது எங்கள் கடையில் கைபேசி சட்டைப் பையில்தான். மேப் 2018-லிருந்தே தமிழில் பேசுகிறது. குரலைத் தமிழுக்கு மாற்றி, சத்தத்தைக் கூட்டி, மேல் பையில் வைத்துவிட்டால் எங்கே திரும்பவேண்டும் என்று சொல்லிக்கொண்டே வரும். தெருப் பெயர்களை அது உச்சரிப்பது சிரிப்பை வரவழைத்தாலும், இடது வலது தெளிவாகக் கேட்கிறது. இரண்டு காதிலும் இயர்போன் செருகக்கூடாது. பின்னால் வரும் லாரியின் ஹாரன் காதில் விழவேண்டும். புரியாவிட்டால் ஓரங்கட்டி நிறுத்தி, எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி பைக்குள் வைத்துவிட்டுக் கிளம்பவேண்டும். இரண்டு நிமிடம் தாமதமாகலாம். ஆகட்டும்.

போலீஸ் பிடிப்பார்களா என்று கேட்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020 அக்டோபர் 1 முதல் ஒரு திருத்தம் அமலில் இருக்கிறது. வழி பார்ப்பதற்காக மட்டும், ஓட்டுபவரின் கவனம் சிதறாத விதத்தில், கைபேசியைப் பயன்படுத்தலாம். பேசுவதற்கோ தட்டுவதற்கோ இந்தச் சலுகை கிடையாது. கையில் பிடித்து உபயோகித்தால் 184-ஆம் பிரிவின்படி ஆயிரம் ரூபாயிலிருந்து ஐயாயிரம் வரை அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. ஹெல்மெட்டுக்குள் கைபேசியைச் செருகிக்கொண்டு போவதையும் இதே கணக்கில்தான் பார்ப்பார்கள். பதினெட்டு வயது ஆகாத பையனைக் கடை வண்டியில் அனுப்பும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வண்டிக்குச் சொந்தக்காரருக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. இதற்குமேல் இதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

காப்பீட்டில் நாங்கள் சறுக்கிய இடம் வேறு. வண்டிக் காப்பீட்டோடு சேர்த்துக் கட்டும் பதினைந்து லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் சொந்தக்காரர் தாமே ஓட்டும்போதுதான் செல்லும். வண்டி நம் பேரில் இருந்து, ஓட்டுபவர் நம் கடைப் பையனாக இருந்தால் அது அவனைச் சேராது. சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கென்று சிறிய தொகை கூடுதலாகக் கட்டிச் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. எங்கள் பாலிசியில் அது இல்லை என்பது எலும்பு முறிந்த பிறகுதான் தெரிந்தது. உங்கள் பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள். புரியாவிட்டால் ஏஜெண்டைக் கேளுங்கள்.

பையன் எங்கே போகிறான் என்று கடையிலிருந்தே பார்க்கும் வசதியும் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. பதினைந்து நிமிடம், ஒரு மணி, எட்டு மணி என்று நேரம் குறித்து அவனே அனுப்பவேண்டும். இதைப்பற்றி எங்களுக்குள் இரண்டு கருத்து இருந்தது. டீக்கடையில் நிற்கிறானா என்று வேவு பார்ப்பதற்கு இது வேண்டாம் என்று முடிவுசெய்தோம். ஆனால் வீட்டிலிருந்து ‘எங்கே வருகிறார்’ என்று கேட்டால், அவனைக் கூப்பிடாமலே பதில் சொல்ல இது உதவுகிறது. அவனிடம் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரக் கணக்கில் மட்டும் வைத்திருக்கிறோம். வண்டி வெளியே போயிருக்கும்போது கடையிலிருந்து யாரும் அவனைக் கூப்பிடக்கூடாது. அவசரமென்றால் வாட்ஸ்அப்பில் எழுதிப்போடவேண்டும். நின்ற இடத்தில் அவன் பார்த்துக்கொள்வான். கல்லா மேசையில் இதை எழுதி ஒட்டியிருக்கிறோம், ஒட்டியது எங்களுக்காகத்தான்.

கை சரியாகிப் பையன் திரும்பி வந்ததும் ஒரு காரியம் செய்தோம். நின்றுபோன பெரியவரைக் கெஞ்சிக் கூப்பிட்டு, நாலு நாள் மத்தியானம் பையனின் வண்டியில் பின்னால் உட்காரவைத்தோம். இருவருக்கும் ஹெல்மெட். அவர் வழி சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அந்த இடத்தைக் கைபேசியில் குறித்து, பெயரும் போட்டு, அதையே கடை நோட்டிலும் எழுதிக்கொண்டான். நாய் இருக்கும் வீடு, காலிங்பெல் வேலை செய்யாத வீடு, மாடிக்குத் தூக்கவேண்டிய வீடு என்று பெரியவர் சொன்னதெல்லாம் நோட்டில் ஏறியது. நாலாம் நாள் முடிவில் நூற்றுப்பதினெட்டு வீடுகள் ஆயின. அதில் மூன்று வீடுகளில் பெரியவரின் முகத்தைப் பார்த்ததும் பழைய பாக்கியையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.